அறுபத்தேழாம் எண் வீடு

ஒரு ஊரில் மூன்று வீடுகள் வரைக்கும் கிடைக்காமல் போகலாம். நாலாவது வீடும் கிடைக்கவில்லை என்று எழுதினால் அந்த ஊர்க் கணக்கே செல்லாது. வேறு ஊர், வேறு பட்டியல், அடுத்த வருஷம் முதலிலிருந்து. பேராசிரியர் பஞ்சாபகேசன் இதைக் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்ட பிறகுதான் தன் மாணவர்களை வீட்டு வாரியாக நோய்க் கணக்கு எடுக்க ஊர் ஊராக அனுப்பினார்.

அன்னக்கொடி மூன்றையும் எழுதித் தீர்த்துவிட்டு நாலாவதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதக் கடைசி. பேரையூருக்குத் தெற்கே வெள்ளைக்கரட்டுப்பட்டி என்ற ஊரின் கடைசித் தெரு, உச்சி வெயில். அவள் கையில் மலேரியா ஆபீசில் நகல் எடுத்த வீட்டுப் பட்டியல் இருந்தது. மருந்தடிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காவியால் ஓர் எண் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த ஊருக்கு அதைவிட நம்பகமான வீட்டுக் கணக்கு கிடையாது. ஆகவே அந்த எண்களிலிருந்துதான் நாற்பது வீடுகளைப் பொறுக்கி எடுத்திருந்தாள். இந்தத் தெருவில் அறுபத்தாறு இருந்தது. அறுபத்தெட்டு இருந்தது. நடுவில் பத்தடி அகலத்துக்கு வெறும் மண். இடிந்த சுவர் இல்லை, குப்பை இல்லை, ஒரு புல் இல்லை. மேய்ந்துகொண்டு வந்த கோழி அந்த மண்ணின் ஓரம் வரைக்கும் வந்து, சுற்றிக்கொண்டு போனது.

அறுபத்தெட்டில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தவள் பெயர் செல்லத்தாய். அவளிடம் கேட்டதற்கு, அது அப்படித்தான் தாயி என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் என்பது பஞ்சாபகேசனுக்கு ஒரு சொல். அன்னக்கொடிக்கு அப்படி இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் காடு கரையில் நாலு தலைமுறையாக மண்ணைக் கிண்டிய வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான், ஆண்களையும் சேர்த்து. பி.எஸ்ஸி. முடித்தபோதே மாமன் மகன் விருமாண்டிக்கு நாள் பார்த்தார்கள். சுகாதாரப் புள்ளியியலில் மேற்படிப்பு என்று ஒன்று மதுரையில் தல்லாகுளத்துப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்து, மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்துதான் அப்பா நல்லகாமனிடம் ரெண்டு வருஷம் வாங்கியிருந்தாள். ரெண்டு வருஷம் ரெண்டு வருஷம்தான், ஒரு நாள் கூடினாலும் மணவறையில் உட்கார வைத்துவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன். அந்த ரெண்டாவது வருஷம் இது.

அதனால் அவள் ஊருக்கு வெளியே பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு நடந்து போய், பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அறுபத்தேழாம் எண் வீட்டுக்கான படிவத்தைத் தானே எழுத ஆரம்பித்தாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அதைக் கற்றுக்கொடுத்ததே பஞ்சாபகேசன்தான். இட்டுக்கட்டி எழுதுகிறவனின் எண்கள் பூஜ்யத்திலும் ஐந்திலும் போய் முடியும், நிஜ மனுஷர்களின் பதிலில் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பாடம் நடத்தியிருந்தார். அன்னக்கொடி சொரசொரப்பாகவே எழுதினாள். ராக்கம்மாள், வயது இருபத்து மூன்று. புருஷன் வீரணன், முப்பத்தொன்று, மூணாறு பக்கம் தோட்ட வேலைக்குப் போனவன், ஊரில் இல்லை. ஒரே பெண் குழந்தை, மலையம்மாள், நாலு வயது, எடை பதினொன்றே கால் கிலோவுக்குச் சற்று மேலே. ராக்கம்மாளுக்கு இப்போது ஆறு மாதம். எல்லாரும் சுகம் என்று எழுதினால் சந்தேகம் வரும். ஆகவே கடந்த இரண்டு வாரத்தில் நோய் என்ற இடத்தில், குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று போட்டாள். அதுவும் பத்தாது என்று பட்டது. குறிப்பு என்ற கட்டத்தில், குழந்தையின் இடது காதில் சீழ், மஞ்சள் அரைத்து அடைத்திருக்கிறார்கள் என்று எழுதினாள். அதை எழுதியபோது அவளுக்கே அந்தக் காதின் நாற்றம் லேசாக அடித்த மாதிரி இருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு குடும்பத்தை உண்டாக்க அவளுக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. அதற்கப்புறமும் பஸ் வரவில்லை.

மதுரைக்கு வந்ததும் வேலை வேறு மாதிரியானது. ஒவ்வொரு வீட்டையும் ஒரு குறியீட்டுத் தாளில் எண்பது கட்டங்களாக மாற்ற வேண்டும். ஆண் என்றால் ஒன்று, பெண் என்றால் இரண்டு, காய்ச்சல் என்றால் நான்கு. பிறகு அந்தத் தாள்கள் மெட்ராசுக்குப் போய், அட்டைகளில் ஓட்டை ஓட்டையாக விழுந்து, ஓர் அறை அளவு இருக்கிற கணினிக்குள் நுழையும். நாற்பது வீட்டையும் கட்டத்தில் அடைத்த பிறகு எது பார்த்தது, எது பாராதது என்று அவளுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. ராக்கம்மாளும் மற்றவர்களைப் போலவே எண்பது கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தாள். படிவங்களை உறையில் போட்டு ஒட்டி, கிளார்க் சோணைமுத்துவிடம் கொடுத்தார்கள். அவர் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை மறுவிசாரணைக்கு வீடு எடுக்கும் நாள். ஒருத்தர் விசாரித்த வீடுகளில் நாலை இன்னொருத்தர் போய், முன்னது என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே, அதே கேள்விகளைக் கேட்டுவர வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கு உண்மை. பஞ்சாபகேசன் எண்கள் மட்டுமே அச்சடித்த புத்தகத்தைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் ஓர் இடத்தைத் தொட்டு, அங்கிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனார். வெள்ளைக்கரட்டுப்பட்டிக்கு முதலில் விழுந்தது அறுபத்தேழு.

போகப்போவது பட்டு. பட்டம்மாள் என்பது முழுப்பெயர். மீனாட்சி கோயில் பக்கத்துச் சந்தில் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பென்சிலைச் சீவினால் தூளைக் கூடத் தாளில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுகிற பெண். பொய் என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

அன்னக்கொடிக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. பட்டு திரும்பி வந்து அப்படி ஒரு வீடே இல்லை என்று சொல்வாள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்தப் பக்கத்து ஆள்களைச் சேர்த்தால் இப்படித்தான் என்று ஒரு பார்வை வருமே, அது வரும். அந்தப் பார்வைக்கு முன்னாடியே போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை பஞ்சாபகேசன் அறை வாசல் வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் கதவைத் தட்டாமல் திரும்பினாள். வீடு இடிந்துவிட்டது, பிழைக்கப் போய்விட்டார்கள் என்று அடித்துச் சொல்லத் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பட்டு வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நாலு படிவத்தையும் மேஜையில் வைத்தாள். நாலும் நிரம்பியிருந்தன.

சோணைமுத்து பீரோவைத் திறந்து பழைய உறையை எடுத்து வந்தார். ஒட்டின இடம் ஒட்டினபடியே இருந்ததை எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கிழித்தார். பஞ்சாபகேசன் ஒரு கையில் அன்னக்கொடியின் படிவத்தையும் மறு கையில் பட்டுவின் படிவத்தையும் பிடித்துக்கொண்டு, அறுபத்தேழை உரக்க வாசித்தார். ராக்கம்மாள், ராக்கம்மாள். இருபத்து மூன்று, இருபத்து மூன்று. புருஷன் முப்பத்தொன்று, மூணாறு. ஒரே பெண், மலையம்மாள், நாலு வயது. இடது காதில் சீழ். மஞ்சள். வாசிக்க வாசிக்க அவருக்குச் சந்தோஷத்தில் குரல் ஏறியது. இரண்டே இரண்டு இடத்தில்தான் வித்தியாசம். குழந்தையின் எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. காய்ச்சல், அன்னக்கொடி எழுதியதில் நாலு நாள். பட்டு எழுதியதில் பதினெட்டு நாள். இடையில் போன நாளைக் கூட்டினால் அதுவும் சரியாக வந்தது. இருபது வருஷமாக இந்தப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஒத்துப்போய்ப் பார்த்ததில்லை என்றார் அவர்.

அன்னக்கொடிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். பட்டுவைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரைக் கேட்டு எழுதுன? சோணைமுத்து அண்ணே உறையப் பிரிச்சுக் காட்டுனாரா?"

பட்டுவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவளை அப்படி யாரும் கேட்டதே கிடையாது. தான் போனதாகவும், அறுபத்தாறுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வீடு இருந்ததாகவும், அந்தப் பெண் நிலைப்படியைத் தாண்டி வெளியே வரவில்லை என்றும் சொன்னாள். குழந்தை உள்ளே பாயில் கிடந்ததாம். குனிந்து அதன் காதைப் பார்த்தபோது கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி ஒரு குளிர் அடித்ததாம். வெயில் தாங்காமல் அங்கே தண்ணீர் கூட வாங்கிக் குடித்தாளாம். அதை மட்டும் எங்காத்தில் சொல்லிவிடாதே என்று கெஞ்சினாள்.

"ஆளு எப்படி இருந்தா? கறுப்பா, செவப்பா? மூக்குத்தி போட்டிருந்தாளா?"

பட்டு யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

"ஞாபகம் இல்லைடி. படிவத்துல இருக்கறதெல்லாம் ஞாபகம் இருக்கு. மூஞ்சி மட்டும் வரமாட்டேங்கறது."

படிவத்தில் முகத்துக்குக் கட்டம் கிடையாது. அன்னக்கொடி அதை எழுதவில்லை.

பட்டு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உன்னிடம் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது என்றாள். முன்னால் வந்த பெண் உள்ளேயே வரவில்லை, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாவற்றையும் அவளே எழுதிக்கொண்டு போய்விட்டாள் என்று அந்த ராக்கம்மாள் சொன்னாளாம். கோபமாகச் சொல்லவில்லையாம். சந்தைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்லிவிடுகிற மாதிரி சொன்னாளாம்.

"'நாலு நாளுன்னு எழுதுனாங்க, நாலு நாளு கழிஞ்சும் விடல. இன்னும் எத்தன நாளுன்னு அந்தப் புள்ளகிட்டக் கேட்டுட்டு வா.' அப்படியே இதே வார்த்தைதான் சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை. உனக்குப் புரியறதா?"

அன்னக்கொடி நேராகப் பஞ்சாபகேசன் அறைக்குப் போனாள். இந்தத் தடவை கதவைத் தட்டவே இல்லை, தள்ளிக்கொண்டு போனாள்.

"சார், அந்த அறுபத்தேழு கெடையாது. வீடும் கெடையாது, ஆளும் கெடையாது. நானா புளியமரத்தடியில உக்காந்து எழுதுனது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. பட்டுவோடு ஏதாவது சண்டையா என்று விசாரித்தார். பட்டணத்துக்கு வந்து தனியாக விடுதியில் இருக்கிற பெண்களுக்குப் பரீட்சை நெருங்கினால் மனசு குழம்புவது உண்டு, ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வா என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதோ பாரும்மா. ரெண்டு பேர், தனித்தனியா, ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பார்க்காம, ஒரே பதிலைக் கொண்டுவந்திருக்கா. அப்படின்னா அது இருக்குன்னு அர்த்தம். நம்ம முறையே அதுதான். நீ ஒருத்தி மட்டும் இல்லேங்கறே. நான் எதை எடுத்துக்கறது?"

அவள் வெளியே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறாள்; அதையும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இரண்டாவது சுற்று பங்குனிக் கடைசியில். நாற்பது வீட்டுக்கும் மறுபடி போய், இடையில் யாருக்கு என்ன ஆனது என்று எழுத வேண்டும். இந்தப் படிவம் சின்னது. ஆளுக்கு எதிரே மூன்று கட்டம். இருக்கிறார், இறந்துவிட்டார், குடிபெயர்ந்துவிட்டார். இல்லவே இல்லை என்பதற்குக் கட்டம் கிடையாது. குடிபெயர்ந்தால் போன இடத்து முகவரி எழுத வேண்டும். அப்படிப் போன வீடும் கிடைக்காத வீட்டுக் கணக்கிலேயே சேரும். அன்னக்கொடிக்கு அங்கே ஏற்கெனவே மூன்று.

அவள் வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டுதான் போனாள். இருக்கிறார் என்று எழுதுவது. காய்ச்சல் விட்டது, காது ஆறிவிட்டது, எடை பதிமூன்று கிலோ என்று எழுதுவது. எழுதினால்தான் நடக்கும் என்றால் நல்லதை எழுதிவிட்டுப் போவது. பட்டமும் கிடைக்கும், பாவமும் தீரும். முப்பத்தாறு வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக அந்தத் தெருவுக்கு வந்தாள். வெயில் நேர் உச்சியில் நின்றது. அறுபத்தாறுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில் அதே பத்தடி மண்.

அதே மண் இல்லை. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. அந்த வெயிலில் அது காயாமல் இருந்தது.

செல்லத்தாய் அவளைப் பார்த்ததும் இந்தத் தடவை உள்ளே போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். வா தாயி என்று முறத்தைத் தள்ளி இடம் போட்டாள். மோர் வேண்டுமா என்று கேட்டாள். அந்தத் தெருவில் இருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வந்து நின்று, நல்ல காரியம் செய்தவளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார்கள். என்ன விஷயம் என்று அன்னக்கொடி கேட்டாள்.

"எதையும் முழுசா எண்ணக் கூடாது தாயி. சோளம் அளக்கயிலயே மொதப் படிய ஒண்ணும்பமா? லாபம்னுதான சொல்லுவோம். மலேரியாக்காரரு வீட்ட எண்ண வந்தப்ப, ஒரு எண்ண வெறுசா விட்டுருங்கன்னு ஊரே சொல்லுச்சு. ஊர எண்ணிக்கிட்டு வர்ற கேடு அந்த எண்ணுல வந்து நிக்கும். ஆளு இல்லன்னு திரும்பிப் போயிரும்."

"திரும்பிப் போயிருச்சா?"

"முன்ன போகும், வரும். இப்பத்தான் நீ ஆளு வச்சிட்டியே. எம் மகனுக்கு மாசியில காச்ச வந்துச்சு. ஒரே நாளு. மறுநாளு அங்குட்டுப் போயிருச்சு. இந்தத் தெருவுல எந்தப் புள்ளைக்கும் இப்ப ஒண்ணுமில்ல. அம்புட்டும் அங்கனதான்."

அவள் மோவாயால் அந்த மண்ணைக் காட்டினாள். அய்யர் வீட்டுப் பெண் ஒருத்தி வந்து அரை மணி நேரம் அந்த மண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றதையும், தண்ணீர் வாங்குகிற மாதிரி கையை ஏந்திக் குடித்ததையும் எல்லாரும் பார்த்தார்களாம். அப்போதுதான் ஊருக்கு உறுதிப்பட்டதாம். குழந்தை முனகுவது பகலிலேயே கேட்கிறது, முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் கை அதுபாட்டுக்குப் பருத்தியிலிருந்து தூசியைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்னக்கொடி காது கொடுத்துக் கேட்டாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, தூரத்தில் யாரோ துணி கிழிப்பது மாதிரி ஒரு மூச்சு. இழுத்து, நின்று, இழுத்து.

அவளுக்கு அந்தப் பழைய கோபம் மறுபடியும் எழுந்தது. முதலில் இந்தப் பெண்கள் மேல். பிறகு பஞ்சாபகேசன் மேல். அதற்கப்புறம் அந்தக் கோபத்துக்குப் போக வேறு இடம் இல்லாமல் அவள் மேலேயே வந்து நின்றது. இருபத்து மூன்று வயசுப் பெண்ணைப் பிடித்து, புருஷனை மூணாறுக்குத் துரத்தி, வயிற்றில் ஒன்றையும் கையில் சீக்குப் பிள்ளை ஒன்றையும் கொடுத்து, ஊர்க் கேடெல்லாம் வந்து விழுகிற குழியில் குடிவைத்தது யார்? ஒரு சுகமான குடும்பத்தை எழுத அவளுக்குத் தோன்றவே இல்லையே. நம்புகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே காய்ச்சலை எழுதினாள்? ஏழை வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யார் அவளுக்குச் சொன்னது?

இன்றைக்குக் காய்ச்சல் விட்டது என்று எழுதலாம். நாளைக்கு அறுபத்தாறில் ஒரு பிள்ளை தும்மினால் அதுவும் இங்கேதான் வரும். அந்த எண்ணில் இருக்கிற வரைக்கும் அவர்களுக்கு விடிவு கிடையாது.

அவள் எழுந்து அந்த ஈரத்துக்கு முன்னால் போய் நின்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள், பஞ்சாபகேசன் கற்றுக்கொடுத்த மாதிரி, பதில் வருகிற வரைக்கும் பென்சிலைத் தாளில் வைக்காமல்.

"ராக்கம்மா. இங்கனயே இருக்கியா, எங்கூட வாரியா?"

அந்த மூச்சுச் சத்தம் நின்றது. பிறகு அந்த வெறும் வெயிலில், அவள் கெண்டைக்காலைச் சின்னக் கை ஒன்று பிடித்த மாதிரி இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சுட்டது.

அன்னக்கொடி மூன்றாவது கட்டத்தில் குறி போட்டாள். குடிபெயர்ந்துவிட்டார். முகவரி என்ற இடத்தில், யோசிக்காமல், தல்லாகுளத்தில் தன் விடுதி முகவரியை எழுதி, அறை எண்ணையும் போட்டாள். அது நாலாவது. அந்த ஒரு குறியோடு வெள்ளைக்கரட்டுப்பட்டிக் கணக்கு முழுக்கச் செல்லாமல் போனது என்று அவளுக்குத் தெரியும். நல்லகாமன் மணவறை போட வைகாசியில் நாள் பார்ப்பார் என்றும் தெரியும். அவரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மூன்று நாள் பட்டினி கிடந்தவளுக்கு ஆறு நாள் கிடக்கத் தெரியாதா?

படிவத்தை மடித்துப் பையில் வைத்தபோது செல்லத்தாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. கையிலிருந்த பருத்தியைக் கீழே போட்டாள். அப்போது எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டாள். அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. அது நிஜமான பயம்.

"காச்சன்னா பேரையூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. இல்லாதவ மடியில கொண்டு போயிப் போடாதீங்க. நான் போட்டது போதும்."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் மெதுவாகவே நடந்தாள். கூட வருகிற நிறைமாசக்காரியால் வேகமாக நடக்க முடியாது. புளியமரம் வரைக்கும் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என்ன தெரியும் என்பதைவிட, ஒன்றுமே தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பஸ்ஸில் கூட்டம் இருந்தது. பெண்கள் பக்கத்தில் மூன்று பேர் உட்காரும் இருக்கை ஒன்று மட்டும் காலி. அன்னக்கொடி அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். பின்னால் ஏறின ஒருத்தி கூடையோடு வந்து, ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

கண்டக்டர் வந்தார்.

"மதுரை. ரெண்டரை," என்றாள் அன்னக்கொடி.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எச்சிலைத் தொட்டு இரண்டு முழுச் சீட்டும் ஒரு அரைச் சீட்டும் கிழித்துக் கொடுத்தார். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். பெரியாஸ்பத்திரி என்றாள்.

திருமங்கலம் தாண்டும்போது அவள் மடி சுட ஆரம்பித்தது. சேலைக்கு மேலேயே தெரிந்தது. பதினொரு கிலோ கூட இருக்காது, பத்துக்கும் குறைவுதான். அவள் காலை ஒட்டி வைத்து, கனம் சரியாமல் பார்த்துக்கொண்டாள். கண்டக்டர் அடுத்த வரிசைக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற வழியில், பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார்.

"ஜன்னலச் சாத்தும்மா. பிள்ளைக்கு எதிர்காத்து ஆகாது."

அவள் கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள்.